மாப்பிள்ளையைக் காக்க வைத்த பெட்டரி

பெண்கள் பக்கம் படம் எடுக்கிறவள் நான். கல்முனை பிரதான வீதியில் உள்ள ஒரு ஸ்டூடியோவுக்காக இந்த வேலையைச் செய்து வருகிறேன். எங்கள் கலியாணங்களில் ஆண்கள் பந்தலில் இருப்பார்கள், பெண்கள் வீட்டுக்குள் இருப்பார்கள். உள்ளே ஆண் கமராக்காரர் வர ஏலாது. பெண்ணை அலங்கரிப்பதிலிருந்து மாப்பிள்ளை உள்ளே வந்து தாலி கட்டுவது வரை எல்லாம் என்னுடைய ஒரு கமராதான். எனக்குப் பதில் ஆள் கிடையாது.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. கட்டுப்பாடான வீடுகளில் உள்ளே வரும் பெண்களின் போன்களை வாசலிலேயே ஒரு பெரிய பேசினில் வாங்கி வைத்துவிடுவார்கள். யாரோ எடுத்த படம் யாருடைய போனிலோ சுற்றக் கூடாது என்பதற்காக. நானும் வேலை முடிந்ததும் மெமரி காட்டைப் பெண் வீட்டார் கையில் கொடுத்துவிட்டுத்தான் செருப்பைப் போடுவேன். ஆக என் கமரா படுத்தால் அந்தக் கலியாணத்துக்குப் படமே இல்லை.

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் லென்ஸ் பற்றிக் கேட்கிறார்கள். முகத்துக்கு எப்படி வெளிச்சம் விழ வேண்டும் என்று கேட்கிறார்கள். பெட்டரி பற்றி ஒருத்தியும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லப் போகிறேன்.

பெட்டியில் எழுதிய 2600

எங்கள் ஸ்டூடியோ முதலாளி ஜவுபர் காக்கா (அண்ணனை எங்கள் பக்கம் காக்கா என்போம்) நல்ல மனிதர். நோன்பு காலத்தில் சம்பளத்தை முன்கூட்டியே தருவார், வேலைக்காரரை ஏசமாட்டார். ஆனால் மலிவு என்ற சொல்லைக் கேட்டால் அவருக்குக் கண் தெரியாது. ஒருமுறை கொழும்புக்குப் போய் வந்தவர், கை நிறைய ஸ்பெயார் பெட்டரி கொண்டுவந்து மேசையில் பரப்பினார்.

"ஜெஸீமா, இதப் பாரு. கொம்பனிக்காரன் ஆயிரத்து நாப்பது எண்டு எழுதிட்டு என்ன விலை எடுக்கிறான்? இது ரெண்டாயிரத்து அறுநூறு. விலையும் கால்வாசிதான்!"

நான் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதே அளவு, அதே வடிவம்.

"காக்கா, ரெண்டும் ஒரே அளவுதானே. ஒரு கொத்து அரிசி கொள்ளுற பானையில ரெண்டரைக் கொத்துப் போட ஏலுமா?"

"நீ சோத்துப் பானைக் கணக்குச் சொல்லாத புள்ள. இது டெக்னோலொஜி. என்ட போன்லயே ஐயாயிரம் இரிக்கி. கமராக்கு ஆயிரம் எண்டா அதுதான் கள்ள வேல."

போனில் ஐயாயிரம் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் ஒரு சாமானைச் சரி என்று நம்பாமல் பெண் வீட்டுக்குக் கொண்டுபோக எனக்கு மனம் வராது. ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

கேக் தராசும் சுவர் மணிக்கூடும்

என் மகள் வீட்டில் கேக் அடித்து விற்கிறாள். அவளுடைய சின்னத் தராசில் முதலில் கொம்பனி பெட்டரியை வைத்தேன், பிறகு புதியதை வைத்தேன். புதியது பாரம் குறைவு. கூடுதலாகச் சார்ஜ் பிடிக்கிற சாமான் எப்படிப் பாரம் குறையும்? உள்ளே இருக்க வேண்டியது இல்லை என்றுதான் அர்த்தம்.

பிறகு இரண்டின் முதுகிலும் உள்ள எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். கொம்பனி பெட்டரியில் 1040 மில்லி அம்பியர் மணி, 7.2 வோல்ட், 7.5 வொட் மணி என்று இருந்தது. புதியதில் 2600 என்பது மட்டும் பெரிதாக, தங்க நிறத்தில். அதற்குக் கீழே எறும்பு எழுத்தில் 7.4 வோல்ட், 7.7 வொட் மணி.

இந்தக் கணக்கு லேசானது. மில்லி அம்பியர் மணியை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் பிரித்தால் வொட் மணி வரும். அதுதான் பெட்டரிக்குள் உண்மையில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பது. 2600ஐ 7.4ஆல் பெருக்கினால் 19க்கு மேல் வர வேண்டும். அவர்களே 7.7 என்று எழுதியிருக்கிறார்கள். திருடன் தன் அடையாள அட்டையை விட்டுவிட்டுப் போன மாதிரி.

போன் கேள்விக்கும் இதிலேயே பதில் கிடைத்தது. வோல்ட் என்பது தண்ணீர்த் தாங்கி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது. மில்லி அம்பியர் மணி என்பது தாங்கி எவ்வளவு கொள்ளும் என்பது. போன் தாங்கி 3.7 வோல்ட் உயரத்தில் நிற்கிறது. கமராத் தாங்கி அதைப்போல இரண்டு மடங்கு உயரத்தில் நிற்கிறது. உயரம் வேறான இரண்டு தாங்கியை, கொள்ளும் அளவை மட்டும் வைத்து ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும். ஆகவே போன் பெட்டரியையும் பவர் பேங்கையும் கமரா பெட்டரியோடு மில்லி அம்பியர் மணியில் ஒப்பிடவே வேண்டாம், வொட் மணியில் ஒப்பிடுங்கள்.

எழுத்தைப் படித்தது போதாது, ஓட்டியும் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கமராவை ஸ்டாண்டில் வைத்து, சுவர் மணிக்கூட்டைப் பார்த்து வீடியோவைப் போட்டுவிட்டேன். கமரா அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை தானாக நிற்கும், சமையல் வேலைக்கு நடுவில் ஓடி வந்து பட்டனைத் திரும்ப அமத்துவேன். பெட்டரி செத்த பிறகு கடைசி வீடியோவில் மணிக்கூடு எத்தனை காட்டுகிறது என்று பார்த்தால் முடிந்தது. கொம்பனி பெட்டரி பின்னேர அஸர் தொழுதுவிட்டுத் தொடங்கி வெயில் சாயும் வரை ஓடியது. 2600 மறுநாள் அதே நேரம் தொடங்கி அதில் பாதிகூட ஓடவில்லை. அதிலும் மோசம், சாகிற வரைக்கும் திரையில் நிறைந்த பெட்டரி என்றே காட்டிக்கொண்டிருந்தது.

ஜவுபர் காக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டார், தலையைச் சொறிந்தார்.

"சரி சரி, வாங்கினது வாங்கியாச்சு. அவசரத்துக்கு இரிக்கட்டும்."

"அவசரத்துக்குத்தான் நல்லது வேணும் காக்கா. சும்மா நேரத்துக்கு எது இருந்தா என்ன?" என்று சொல்லிவிட்டு, கொம்பனி பெட்டரி இரண்டிலும் வெள்ளைப் பிளாஸ்டர் துண்டு ஒட்டி என் பையில் வைத்துக்கொண்டேன். 2600கள் மேசை லாச்சிக்குள் போயின.

சாய்ந்தமருதுக் கலியாணம்

சாய்ந்தமருதில் ஸிஃபானா என்ற பிள்ளையின் கலியாணம். மாப்பிள்ளைக்கு ஊர் ஒலுவில். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியேறுவார், அந்த வீடும் பெண்ணுக்குத்தான். வீடில்லாமல் பெண்ணுக்குக் கலியாணம் பேச முடியாது. ஸிஃபானாவுக்கு வாப்பா இல்லை. உம்மா கட்டாரில் ஒரு வீட்டில் வேலை. அத்திவாரம், சுவர், கூரை, தரைக்கல் என்று ஒவ்வொன்றாகக் காசு அனுப்பி அந்த வீட்டைக் கட்டியவள் அவள்தான். கட்டி முடிந்த வீட்டை அவள் நேரில் பார்த்ததில்லை. கலியாணத்துக்கு லீவு தருவதாகச் சொன்ன எசமான் வீட்டார் கடைசியில் கையை விரித்துவிட்டார்கள். பகலில் போனைத் தொடவும் விடமாட்டார்கள்.

கலியாணத்துக்கு முன்னம் ஒரு நாள் இரவு அவள் போனில் என்னோடு கதைத்தாள்.

"புள்ள, எனக்கு நகை நட்டுப் படமெல்லாம் வேணா. மாப்பிள்ள அந்த வீட்டு வாசல்ல கால் வெச்சு வாறதும், என்ட மகளுக்குத் தாலி கட்டுறதும் வேணும். இந்த ரெண்டையும் மட்டும் தவற விட்டுடாதீங்க."

"இன்ஷா அல்லாஹ் ராத்தா, அது என்ட பொறுப்பு" என்றேன்.

மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசிய நாள். எங்கோ மரக்கொப்பு கம்பியில் விழுந்து பகல் லுஹர் நேரத்துக்கே கரண்ட் போய்விட்டது. நான் ஒரு பெட்டரியைக் காலையிலிருந்து பாவித்துக்கொண்டிருந்தேன். மற்றது பையில் நிறைச் சார்ஜோடு இருக்கிறது என்ற தைரியம். அஸருக்குப் பிறகு பந்தலில் கலியாண ஒப்பந்தமான நிக்காஹ் தொடங்கியது, என் முதல் பெட்டரி முடிந்தது. பையைத் திறந்தேன். பிளாஸ்டர் ஒட்டிய பெட்டரி இல்லை. அந்த இடத்தில் தங்க எழுத்தில் 2600, 2600 என்று இரண்டு.

ஒன்றைப் போட்டேன். இந்தப் பெட்டரியை எனக்குத் தெரியாது, பாவிக்கவா என்று கமராவே கேட்டது. ஓம் என்றேன், வேறு வழியில்லை. ஸிஃபானாவைச் சில படங்கள் எடுத்தேன். நிறைந்திருக்கிறது என்று காட்டிக்கொண்டே அணைந்தது. இரண்டாவது அதற்கும் தம்பி, இன்னும் சீக்கிரம் அணைந்தது.

எனக்குக் கோபம் வந்தது. முகத்தை மூடிக்கொண்டு, பின்பக்க வேலியோரமாக நடந்து பந்தலின் ஓரத்துக்கே போய்விட்டேன். ஆண்கள் பக்கம் வீடியோ எடுக்க வந்திருந்த ஜவுபர் காக்கா கமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ஜெஸீமா, இஞ்ச என்ன செய்யிறாய்?"

"என்ட பெட்டரி எங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "நீ லுஹர் தொழப் போன நேரம் உன்ட புருஷன்ட ஆட்டோவில இருந்த பேக்ல எடுத்தன். நிக்காஹ் வீடியோ நீளம் புள்ள. உனக்குப் படம் மட்டும்தானே, அதுக்குப் புதுசு போதும் எண்டு..."

"போதுமா போதாதா எண்டு நான் ஓட்டிப் பார்த்துச் சொன்னேனே காக்கா!"

அவருடைய கமராத் திரையைப் பார்த்தேன். என் பெட்டரியின் அடையாளம் சிவப்பில் மினுங்கிக்கொண்டிருந்தது. கழற்றி வாங்கினாலும் ஒன்றுக்கும் உதவாது, அவர் எடுக்கிற குத்பா பிரசங்கமும் போய்விடும். திரும்பி நடந்தேன். ஆம்பிளைகள் பக்கம் முதலில், மிஞ்சியது பெண்கள் பக்கம் என்ற எண்ணம் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் இருக்கிறது. அன்று அது என்னைச் சுட்டது.

பன்னிரண்டு வோல்ட்

சமைக்கிற குசினி வாசலில் ஸிஃபானாவின் மாமா, அவளுடைய உம்மாவின் தம்பி, நின்றிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் மனிதர் ஓடிப்போய்த் தன் மோட்டார் சைக்கிள் பெட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"இந்தாங்க. உங்கடது ஏழு வோல்ட்தானே, இது பன்னிரண்டு. ரெண்டு வயர் புடிச்சா இன்னும் நல்லா வேல செய்யும்."

நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் வோல்ட் கூடினால் கமரா கூட வேலை செய்யாது. உயரம் கூடிய தாங்கியிலிருந்து தண்ணீரைத் திறந்தால் வீட்டுக் குழாய் வெடிக்கிற மாதிரி, உள்ளே இருப்பது எரிந்து போகும். குறைந்தாலும் பயனில்லை. யாரோ வாசலில் போன்கள் வைத்த பேசினிலிருந்து எடுத்து வந்த பவர் பேங்கில் இருபதாயிரம் என்று எழுதியிருந்தது. அது தருவது ஐந்து வோல்ட். என் பழைய கமராவில் அதைச் செருக ஓட்டையும் இல்லை. இருபதாயிரம் இருந்தும் ஒரு படம் எடுக்க முடியாது.

"வேணா மாமா. கமராக்கு நேர குடுக்க ஏலாது. சார்ஜருக்குக் குடுக்கலாம்."

என் சார்ஜரோடு வாகனத்தில் செருகுகிற வயர் ஒன்று வந்திருந்தது. பன்னிரண்டு வோல்ட்டை வாங்கி, இந்தப் பெட்டரிக்கு எவ்வளவு வேண்டுமோ அதற்குக் குறைத்துக் கொடுப்பது சார்ஜரின் வேலை. அந்த வயரை நான் என்றும் பையை விட்டு எடுப்பதில்லை. என் கணவர் ஆட்டோ ஓட்டுகிறவர், கலியாணங்களுக்கு என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே காத்திருப்பார். அவருடைய ஆட்டோவில் போன் சார்ஜ் போடுகிற பன்னிரண்டு வோல்ட் துளை இருக்கிறது. காலையில் தீர்ந்த கொம்பனி பெட்டரியைச் சார்ஜரில் வைத்துச் செருகினேன்.

"எஞ்சின நிப்பாட்டாதீங்க" என்றேன்.

"எவ்வளவு நேரம்?"

"நான் சொல்லுற வரைக்கும்."

சிவப்பு லைட் எரிந்தது. பிஸ்மி சொல்லிக்கொண்டேன்.

அதற்குள் நிக்காஹ் முடிந்துவிட்டது. மாப்பிள்ளையை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று சத்தம் வந்தது. நான் ஓடிப்போய் மாமாவை மறித்தேன்.

"மாமா, அரை மணித்தியாலம் பொறுங்க."

"என்ன கதை கதைக்கிறீங்க? மாப்பிள்ளைய வாசல்ல நிப்பாட்டுறதா? ஒலுவில் ஆக்கள் என்ன நினைப்பாங்க? படம் இல்லாட்டிக் கலியாணம் நடக்காதா?"

"நடக்கும். அவட உம்மா பார்க்க மாட்டா."

"பொறகு கரண்ட் வந்ததும் திரும்ப நடக்கச் சொல்லி எடுக்கலாமே. எல்லாரும் அப்பிடித்தானே செய்யிற."

செய்கிறார்கள். நானும் அப்படி எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் படத்தில் எல்லோருடைய கண்ணும் கமராவைத்தான் பார்க்கும். தன் மகளின் முகம் அந்த நேரத்தில் எப்படி இருந்தது என்று பார்க்க ஏங்குகிறவளுக்கு நடிப்பைக் காட்ட எனக்கு மனமில்லை. "தாலி ரெண்டு தரம் கட்டுறதில்ல மாமா" என்றேன்.

அவர் என்னைத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி நின்றார். அப்போதுதான், அறைத் திரைச்சீலைக்கு உள்ளே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த ஸிஃபானா கதைத்தாள். பெண் அந்த நேரத்தில் வாய் திறக்கிற வழக்கமில்லை.

"மாமா, அவருக்கு வாசல்ல கதிர போடுங்க. உம்மா அனுப்பின காசில கட்டின வாசல்தானே அது. உம்மா பார்க்காம நான் தாலிக்குக் கழுத்து நீட்ட மாட்டன்."

மாமா ஒரு கதிரையைத் தூக்கினார். வெளியே போனார். மாப்பிள்ளை கதிரையில் உட்கார்ந்து, "நான் இரிக்கிறன், அவசரமில்ல, ஒரு பிளேன்டீ கிடைச்சா நல்லம்" என்றாராம். அந்த மனிதன் மேல் எனக்கு அன்றே மதிப்பு வந்துவிட்டது.

நான் ஆட்டோவுக்குப் பக்கத்தில் நின்று, கமராவில் பெட்டரியைத் தின்னுகிற எல்லாவற்றையும் எப்படி நிறுத்துவது என்று யோசித்தேன். அரை மணித்தியாலத்தில் பெட்டரியைச் சார்ஜரிலிருந்து கழற்றிக் கமராவில் போட்டதும் முதல் வேலையாக, எடுத்த படத்தைத் திரையில் காட்டுவதை நிறுத்தினேன். கமராவில் உள்ள ஃபிளாஷை மூடினேன். ஜன்னல்களை விரியத் திறக்கச் சொன்னேன். திரையைப் பார்த்து எடுக்காமல் கமராவின் பார்வைத் துளையில் கண்ணை வைத்தே எடுத்தேன். சாச்சிமார், மச்சிமார் யாரையும் எடுக்கவில்லை, கூப்பிட்டவர்கள் கோபித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் வலது கால் வாசல்படியில் பட்டதை எடுத்தேன். தாலி கட்டும்போது ஸிஃபானா கண்ணை இறுக மூடி உதட்டைக் கடித்ததை எடுத்தேன். நெற்றியில் கை வைத்து அவர் துஆ ஓதியபோது அவள் அழுததை எடுத்தேன். கமரா அணையவில்லை. மெமரி காட்டைக் கழற்றி ஸிஃபானா கையில் கொடுத்தபோதுதான் எனக்குக் கால் வலிப்பது தெரிந்தது.

ஜவுபர் காக்கா அடுத்த கிழமை இரண்டு புதிய கொம்பனி பெட்டரி வாங்கி என் மேசையில் வைத்தார். "இது பெண்கள் பக்கம்" என்று மட்டும் சொன்னார். 2600களைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார், கடைக்காரன் எடுக்கவில்லை.

வாங்கப் போகிற பிள்ளைகளுக்கு

முதலில் வோல்ட்டைப் பாருங்கள். 7.2 உள்ள இடத்தில் 7.4 போடலாம், இரண்டும் உள்ளே இரண்டு செல் கோத்ததுதான், எழுதுகிற முறை மட்டும் வேறு. 3.7, 12 எல்லாம் கிட்டவும் எடுக்காதீர்கள், வாய் பொருந்தினாலும் வேண்டாம். பிறகு வொட் மணியைப் பாருங்கள். எழுதாவிட்டால் பெருக்கிப் பாருங்கள். ஒரே அளவு உறைக்குள் கொஞ்சம் கூடுதலாகக் கொள்ளும், நம்பலாம். இரண்டு மடங்கு என்றால் பெட்டியை மூடிக் கடைக்காரன் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

வெளிக் கொம்பனி எல்லாம் மோசம் என்று நான் சொல்லமாட்டேன். உள்ளதை உள்ளபடி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுடையது ஒன்று என்னிடம் நன்றாக ஓடுகிறது. எதை வாங்கினாலும் நிறுத்துப் பாருங்கள், மணிக்கூட்டைப் பார்த்து ஓட்டிப் பாருங்கள். முதல் ஓட்டத்தைப் பெண் வீட்டில் வைக்காதீர்கள். வீங்கின பெட்டரியை ஆசைக்கு வைத்திருக்க வேண்டாம். உங்கள் பையை, முதலாளியாக இருந்தாலும், கண் மறைவில் தொட விடாதீர்கள்.

அவசரப்படுத்துகிற ஆட்கள் எப்போதும் நமக்கு முன்னால் நிற்பார்கள். படம் யாருக்கு வேண்டுமோ அந்த ஆள் பல நேரம் அங்கே இருக்கமாட்டார். அவருக்காக வாய் திறக்க வேண்டியது கமராவைப் பிடித்திருக்கிற நாம்தான். நான் இந்தத் தொழிலில் படித்த பெரிய பாடம் இதுதான்.

ஸிஃபானா படங்களைப் பென் டிரைவில் போட்டு, கட்டார் போகிற ஒரு உறவுக்காரி கையில் கொடுத்தனுப்பினாள். போய்ச் சேர்ந்த பிறகு உம்மாவிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. சலாம் சொன்னாள். உடனே கேட்டாள்.

"மாப்பிள்ளைய வெளிய குந்த வெச்சீங்களாமே?"

"ஓம் ராத்தா. கோவிக்காதீங்க, வேற வழி இருக்கல்ல."

"நான் ஏன் கோவிக்கிற? அந்த வீட்டக் கட்ட இத்தன வருஷமா நான் வெளியில நிக்கிறன். அவரு அரை மணித்தியாலம் நிண்டா என்னவாம்?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழத் தொடங்கினாள். நானும் அழுதேன்.